மாருதியில் எந்த வண்டி? அம்மாவுக்கு முட்டி வலி, போடிமெட்டும் ஏற வேண்டும்

போடிக்காரன்:
முதல் கார் வாங்கப் போகிறேன், ஆன்ரோடு, அதாவது வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து எட்டு லட்சம் வரை முடியும். அப்பா, அம்மா, நான், மனைவி, ஆறு வயது மகள் என ஐந்து பேர். அம்மாவுக்கு முட்டி வலி, குனிந்து ஏற முடியாது, மடக்கும் சக்கர நாற்காலியும் கூடவே வரும். மாதம் இரண்டு தடவை மதுரை ஆஸ்பத்திரி, அப்புறம் பூப்பாறையில் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருப்பதால் வாரம் ஒருமுறை போடிமெட்டு மலைப்பாதையில் மேலே போக வேண்டும். பக்கத்திலேயே சர்வீஸ் இருப்பதால் மாருதிதான், ஆனால் ஆல்டோவிலிருந்து டிசையர் வரை பார்த்துப் பார்த்துக் குழம்பிவிட்டேன். ஷோரூமில் சிஎன்ஜி (கேஸில் ஓடும் வண்டி) எடுக்கச் சொல்கிறார்கள்.

மலைப்பாதை:
தம்பி, சிஎன்ஜி உங்களுக்கு வேண்டாம். வேகன்ஆரில் சிலிண்டர் டிக்கியில்தான் உட்காரும், சக்கர நாற்காலியை எங்கே வைப்பீர்கள்? அதோடு அதில் சிஎன்ஜி வருவது 1.0 லிட்டர் இன்ஜினில் மட்டும், கேஸில் ஓடும்போது சக்தி இன்னும் குறையும், ஐந்து பேரோடு போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவையும் ஏறினால் ஃபர்ஸ்ட் கியரை விட்டு வெளியே வர மாட்டீர்கள். 1.2 பெட்ரோல் வேகன்ஆர் எடுங்கள். நாலு சிலிண்டர் இன்ஜின், சுமார் 90 குதிரைத்திறன், டிக்கி 341 லிட்டர். முக்கியமாக சீட் உயரம். என் அம்மா அதில் அப்படியே பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்கிறார், ஸ்விஃப்டில் ஒருவர் கையைப் பிடித்து இறக்க வேண்டியிருக்கிறது. ஆல்டோ ஐந்து பேருக்கு ஆகாது, டிக்கியும் 214 லிட்டர்தான்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா:
உயரம் சரி, ஆனால் குழந்தை இருக்கிற வீடு, இதையும் யோசியுங்கள். கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைப் பார்க்கும் குளோபல் என்கேப் அமைப்பின் 2023 சோதனையில் வேகன்ஆருக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்துக்கு 1 ஸ்டார், குழந்தைகளுக்கு பூஜ்யம். 2025இல் ஆறு ஏர்பேக் கொடுத்துவிட்டார்கள், நல்லதுதான், ஆனால் அன்று பாடியே உறுதியாக இல்லை என்று சொன்னார்கள், ஏர்பேக் அதைச் சரிசெய்யாது. 2024 நவம்பரில் வந்த புது டிசையர் அதே அமைப்பின் சோதனையில் பெரியவர்களுக்கு 5 ஸ்டாரும் குழந்தைகளுக்கு 4 ஸ்டாரும் வாங்கியது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதம் ஆன பிறகு அதன் அடிப்படை மாடல் உங்கள் பட்ஜெட் பக்கம் வந்துவிட்டது. டிக்கி 382 லிட்டர். நானாக இருந்தால் மியூசிக் சிஸ்டம் கூட இல்லாத டிசையரைத்தான் எடுப்பேன்.

மலைப்பாதை:
அவர் சொல்வது நியாயம், நான் மறுக்கவில்லை. ஆனால் டிசையர் வேகன்ஆரைவிட 15 செ.மீ. தாழ்வு. மாதம் இரண்டு தடவை வலியோடு ஏறி இறங்குவது அம்மாதானே, அவரை உட்கார வைக்காமல் முன்பணம் கட்டாதீர்கள். நாற்காலியையும் கொண்டுபோய் டிக்கியில் வைத்துப் பாருங்கள், செடான் டிக்கிக்கு வாய் சின்னது, லிட்டர் கணக்கை மட்டும் நம்பக்கூடாது.

போடிக்காரன்:
இரண்டு பேருக்கும் நன்றி. சிஎன்ஜியை விட்டுவிட்டேன். வியாழக்கிழமை மதுரை போகும்போது அம்மாவையும் நாற்காலியையும் ஷோரூமுக்குக் கூட்டிப்போகிறேன். டிசையரில் முன்சீட்டைப் பின்னால் தள்ளி அம்மாவால் ஏற முடிந்தால் அதுதான், மகளுக்காக.