பனியன் நிறுவனத்தின் உற்பத்தி ஓட்டத்தைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது: எங்கிருந்து தொடங்குவது?

நூல்கண்டு (கேள்வி):

வணக்கம். திருப்பூரில் ஏற்றுமதிக்கான பின்னலாடைகளைத் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் உற்பத்தித் திட்டமிடலைக் கவனித்து வருகிறேன். சாயமும், துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங்கும் வெளியே முடிந்து துணி எங்களிடம் வருகிறது. கட்டிங், தையல், செக்கிங், அயனிங், பேக்கிங் ஆகியவை எங்கள் வளாகத்திலேயே நடக்கின்றன. சாதாரண டி-ஷர்ட் ஒன்றைத் தைக்கப் பத்து நிமிடம்கூடத் தேவைப்படுவதில்லை. ஆனால் வெட்டிய துணி அட்டைப்பெட்டிக்குள் போய்ச் சேர நாள்கணக்கில் ஆகிறது. புதிய ஓவர்லாக், ஃபிளாட்லாக் தையல் இயந்திரங்களை வாங்கிய பிறகும் இதில் மாற்றமில்லை. இன்னொரு தையல் லைன் போடலாம் என்று முதலாளி நினைக்கிறார். அதற்குப் பணம் செலவிடும் முன் முழு ஓட்டத்தையும் கணினியில் உருவகித்துப் பார்க்க விரும்புகிறேன். எந்தெந்தத் தரவுகளைத் திரட்ட வேண்டும்? ஒவ்வொரு வேலைக்குமான சராசரி நேரம் மட்டும் போதுமா?

செயலாய்வு:

முதல் கணக்குக்கு மென்பொருளே தேவையில்லை. ஓர் அமைப்புக்குள் சராசரியாகத் தேங்கியிருக்கும் பொருள்களின் எண்ணிக்கையை, அது ஒரு நாளில் வெளியேற்றும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு பொருள் உள்ளே கழிக்கும் சராசரி நாள்கள் கிடைக்கும். 1961இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி இது. கட்டிங் முதல் பேக்கிங் வரை 12,000 பீஸ்கள் கிடக்கின்றன, நாளுக்கு 3,000 பீஸ்கள் பெட்டியில் ஏறுகின்றன என்று வைத்துக்கொண்டால், ஒரு பீஸ் உள்ளே இருப்பது 4 நாள்கள். தையலை வேகப்படுத்தியும் செக்கிங்கின் வேகம் கூடவில்லை என்றால், 3,000 என்ற எண் அப்படியே நிற்க, 12,000 மட்டும் வளரும். அதாவது தாமதம் குறையாது, கூடவும் செய்யலாம். உங்கள் புதிய இயந்திரங்களுக்கு நேர்ந்தது இதுதானா என்பதை, செக்கிங் மேசைகளுக்கு முன்னால் உள்ள குவியலை ஒரு வாரம் எண்ணிப் பார்த்தாலே அறிந்துகொள்ளலாம்.

சராசரி மட்டும் போதாது என்பதற்கும் காரணம் உண்டு. வேலை ஒழுங்கற்ற இடைவெளிகளில் வந்து, அதைச் செய்யும் நேரமும் ஏறி இறங்கும்போது, காத்திருப்பு நேர்கோட்டில் கூடுவதில்லை. ஒரே ஒருவர் பணிசெய்யும் எளிய வரிசைக் கணக்கில், அவர் 80 விழுக்காடு நேரம் வேலையில் இருந்தால் ஒரு பண்டலின் (சேர்த்துக் கட்டிய பீஸ்களின் கட்டு) சராசரிக் காத்திருப்பு வேலை நேரத்தைப் போல 4 மடங்கு. 90 விழுக்காட்டில் 9 மடங்கு. 95இல் 19 மடங்கு. பலர் சேர்ந்து பார்க்கும் மேசையில் இந்த மடங்குகள் குறையும், ஆனால் கடைசியில் செங்குத்தாக ஏறும் போக்கு மாறாது. ஆளும் இயந்திரமும் ஒரு நொடிகூடச் சும்மா இருக்கக் கூடாது என்று நினைக்கும் முதலாளிகளுக்கு இதை விளங்க வைப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம்.

குறை கண்டு திருத்த வேண்டிய ஆல்டர் பீஸ்கள் தையலுக்குத் திரும்புவது, பல ஸ்டைல்கள் ஒரே அயனிங் மேசையில் போட்டியிடுவது போன்றவை வந்தால் இத்தகைய எளிய கணக்குகள் கைகொடுக்காது. உருவகிப்பு தேவைப்படுவது அங்கேதான்.

பழைய மெர்ச்சண்டைசர்:

மேலே சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் குவியல் எங்கே இருக்கிறது என்று எண்ணுவதோடு, அது எதற்காகக் காத்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பல ஆர்டர்களில் ஒரே பெட்டிக்குள் ஸ்மால், மீடியம், லார்ஜ், எக்ஸெல் ஆகியவை பையர் கேட்ட ரேஷியோவில் சேர வேண்டும். மீடியம் மட்டும் வரவில்லை என்றால், முடிந்துபோன மற்ற மூன்று சைஸ்களும் பேக்கிங்கில் கிடக்கும். அங்கே ஆளைக் கூட்டி என்ன பயன்? பையர் குறிப்பிட்ட இடத்திலிருந்தே வாங்க வேண்டிய லேபிளும் ஹேங்டேகும் வராவிட்டாலும் இதே கதைதான். உங்கள் உருவகிப்பில் பீஸ்கள் வெறும் பீஸ்களாக ஓடாமல், ஆர்டர், நிறம், சைஸ் ஆகிய அடையாளங்களோடு ஓட வேண்டும். இல்லையென்றால் நடைமுறையில் இல்லாத ஒரு தொழிற்சாலையை நீங்கள் ஆராய்ந்துகொண்டிருப்பீர்கள்.

நூல்கண்டு:

இருவருக்கும் நன்றி. ரேஷியோ சிக்கல் எங்களிடமும் உண்டு. அதைத் தையலின் தாமதம் என்றே இதுவரை எழுதி வந்திருக்கிறோம். எங்களிடம் இருப்பவை பண்டல் சீட்டுகளும், லைன் பலகையில் மணிக்கொரு முறை எழுதும் எண்ணிக்கையும் மட்டுமே. பீஸ் ரேட்டில் தைப்பவர்கள் அருகில் ஸ்டாப்வாட்ச்சுடன் நின்றால் அவர்களது வேகம் மாறிவிடுகிறது. சனிக்கிழமை சம்பளம் வாங்கியபின் திங்களன்று வராதவர்களும் உண்டு. இவற்றையெல்லாம் எப்படிச் சேர்ப்பது?

செயலாய்வு:

ஸ்டாப்வாட்ச்சை விட்டுவிடுங்கள். பண்டல் சீட்டிலேயே ஒவ்வொரு பிரிவுக்குள் நுழைந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் எழுதச் சொன்னால், ஒரு பண்டல் எங்கே எவ்வளவு நேரம் தங்கியது என்பது தெரிந்துவிடும். கிடைத்த நேரங்களைச் சராசரியாகச் சுருக்காமல், அவற்றின் பரவலை (எந்த நேரம் எத்தனை முறை வந்தது என்பதை) அப்படியே உள்ளிடுங்கள். திங்கட்கிழமைக்குத் தனியாக ஆள் எண்ணிக்கை கொடுங்கள்.

விலை கொடுத்து மென்பொருள் வாங்க அவசரப்பட வேண்டியதில்லை. பைதான் நிரல்மொழி தெரிந்த ஒருவர் இருந்தால், இலவசமாகக் கிடைக்கும் சிம்பை (SimPy) என்ற உருவகிப்பு நிரல் நூலகமே இந்த அளவு வேலைக்குப் போதும். படம் நகர்ந்து காட்டாது என்பதுதான் குறை. முதலாளிக்குக் காட்டும்போது அந்தக் குறை பெரிதாகத் தெரியலாம்.

ஆனால் எந்த மாற்றத்தையும் சோதிக்கும் முன், கடந்த மாதத்தின் ஆர்டர்களையே உள்ளிட்டு ஓட்டுங்கள். உண்மையில் ஆன நாள்களுக்கு அருகில் விடை வராவிட்டால், ஏதோ ஒரு காத்திருப்பு விடுபட்டிருக்கிறது என்று பொருள். கணினியில் தொழிற்சாலை காலியாகத் தொடங்கும் என்பதால், குவியல்கள் இயல்பு நிலைக்கு வரும்வரை உள்ள ஆரம்பப் பகுதியைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். ஒரே ஓட்டத்தை நம்பாமல், நேரங்களின் ஏற்ற இறக்கத்தைத் தீர்மானிக்கும் தற்செயல் எண் வரிசைகளை மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டி, விடைகள் எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள்.

அதன்பின், முதலாளி சொல்லும் புதிய லைனை ஒரு பக்கமும், பெரிய செலவில்லாத மூன்று மாற்றங்களை மறுபக்கமும் வைத்து, எல்லாவற்றுக்கும் அதே தற்செயல் எண் வரிசைகளைக் கொடுத்து ஒப்பிடுங்கள்: பண்டலை 30 பீஸிலிருந்து 10 ஆக்குவது, தையலிலிருந்து சிலரைச் செக்கிங்குக்கு மாற்றுவது, ஒரு ஆர்டரின் எல்லாச் சைஸ்களையும் ஒருசேரக் கட்டிங்கிலிருந்து விடுவது. என் ஊகத்தில் மூன்றாவதுதான் அதிக நாள்களை மிச்சப்படுத்தும். சிறிய பண்டல்களால் எடுத்து வைக்கும் வேலையும் சீட்டு எழுதும் வேலையும் கூடும் என்பதால், அந்த நேரத்தையும் மறக்காமல் உள்ளிடுங்கள். விடை வந்ததும் எண்களை இங்கே பதியுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.