தம்புரா ஆப்பில் என்ன செட்டிங் வைக்கணும்? வகுப்பில் சுருதி சேரலை

தாமிரபரணி_அம்மா:
என் பொண்ணுக்குப் பத்து வயசு. பாட்டு டீச்சர் அஞ்சரைக் கட்டை சுருதியில் பாடச் சொல்லியிருக்காங்க. வீட்டில் போன்ல தம்புரா ஆப் போட்டு, ஜி ஷார்ப் (அஞ்சரைக்கு மேற்கத்தியப் பேர்) வெச்சுத்தான் சாதகம். வீட்டில் நல்லா சேருது. வகுப்புக்குப் போனா கொஞ்ச நேரம் தடுமாறுறா. மாயாமாளவகௌளை ராக சரளி வரிசையில் காந்தாரம் (க ஸ்வரம்) தூக்கலா நிக்குதுன்னும் டீச்சர் சொல்றாங்க. காந்தாரத்தை அவ கீபோர்டு ஆப்ல தட்டிப் பார்த்துத்தான் பிடிக்கிறா. செட்டிங்ல நான் எதையும் தொடலை: ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ், ஃபைன் ட்யூன் 0, நாலு தந்திக்கும் ஒரே சத்தம். எதை மாத்தணும்?

கச்சேரி_ரசிகன்:
440ஐ 432 ஆக்கிப் பாருங்க. காதுக்கு இதமா இருக்கும்னு நிறைய பேர் சொல்றாங்க. எங்க வீட்டில் அப்படித்தான் வெச்சிருக்கோம்.

வீணை_வகுப்பு:
432 வேண்டாம்மா. அது மொத்த சுருதியையும் கிட்டத்தட்ட 32 சென்ட் (ஸ்வர இடைவெளியை அளக்கற அலகு) கீழே இறக்கும், அவ்வளவுதான். அரைக்கட்டைக்கு 100 சென்ட்னா, அதில் மூணில் ஒரு பங்கு. டீச்சரோட சுருதிப் பெட்டி எங்கே நிக்குதோ அங்கே போறதுதான் நம்ம வேலை.

வகுப்பில் இருக்கறது திருகு வெச்ச சுருதிப் பெட்டியா? அப்படின்னா அஞ்சரைன்னு கோடு போட்டிருந்தாலும் திருகு நின்ன இடம்தான் சுருதி. டீச்சர்கிட்ட கேட்டுட்டு, போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் வெச்சு ரெண்டையும் ஒண்ணா ஓட விடுங்க. ஆப்பில் பஞ்சமத் (ப) தந்தியை அணைச்சு ஸட்ஜத்தை (ஸ) மட்டும் கேளுங்க. விலகியிருந்தா சத்தம் ஏறி இறங்கி அலையடிக்கும். 20 சென்ட் விலகல்னா அவ ஸட்ஜத்தில் வினாடிக்கு ரெண்டு அலைக்கு மேல வரும். ஃபைன் ட்யூனை ஒவ்வொரு எண்ணா நகர்த்துங்க. அலை மெதுவாகி, நீண்டு, நிக்கற எண்தான் உங்களோடது. அதைச் சேமிச்சு வெச்சுடுங்க.

காந்தாரத்துக்குக் காரணம் கீபோர்டு. அதில் அந்தர காந்தாரம், அதாவது இந்த ராகத்தில் வர்ற க, ஸட்ஜத்திலிருந்து 400 சென்ட்ல இருக்கும். தம்புராவோட இயல்பா இழையற காந்தாரம் 386. பதினாலு சென்ட் மேலே நின்னு பழகின குழந்தைகிட்ட டீச்சர் தூக்கலா இருக்குன்னு சொல்றது ரொம்பச் சரி. நல்ல காது அவங்களுக்கு! சாதகத்தின்போது கீபோர்டைத் தள்ளி வைங்க. மந்தர ஸட்ஜத் தந்தியிலேயே, அதாவது கீழ் ஸ தந்தியிலேயே, அந்த காந்தாரம் ஒளிஞ்சிருக்கு, அதைக் கேட்டுப் பிடிக்கட்டும்.

ஆனா போன் ஸ்பீக்கரில் அந்தத் தந்தி சரியா வராது. அஞ்சரைக் கட்டைக்கு மந்தர ஸட்ஜம் சுமார் 104 ஹெர்ட்ஸ். அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால அதைத் தர முடியாது. ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் போதும். தம்புராவுக்கு ப்ளூடூத் தாமதம் ஒரு பொருட்டில்லை.

தாமிரபரணி_அம்மா:
ரொம்ப நன்றி அக்கா. டீச்சர் அவங்களே பக்கத்தில் உக்கார்ந்து கேட்டாங்க. மைனஸ் 18ல அலை நின்னுடுச்சு. ஆனா தந்திக்குள்ள காந்தாரம் எங்கே இருக்குன்னு எங்க ரெண்டு பேருக்கும் பிடிபடலை. இன்னொண்ணு, ப-வை ம-வா மாத்தற பட்டன் எதுக்கு?

வீணை_வகுப்பு:
ம இப்போ வேண்டாம். புன்னாகவராளி, குறிஞ்சி மாதிரி ராகங்களை மத்யம சுருதியில் (ம-வையே ஸட்ஜமா வெச்சு) பாடும்போது தேவைப்படும்; அந்த நேரம் வந்தா டீச்சரே சொல்வாங்க.

காந்தாரம் கேட்க மந்தர ஸட்ஜத்தை மட்டும் விட்டு மத்த மூணு தந்தியையும் அணைச்சுடுங்க. வேகத்தை ரொம்பக் குறைங்க. மீட்டின உடனே தேடாதீங்க, நாதம் விரிஞ்சு அடங்கும்போது மேலே மெல்லிசா ஒரு ஸ்வரம் மிதக்கும். ஃபேனை நிறுத்திட்டுக் கேளுங்க, அந்தச் சத்தத்தில்தான் அது முழுகிப்போகும். பொண்ணுக்கு உங்களுக்கு முன்னாடியே கேட்டுடும்.