பீட்னிக் பாண்டிட் கிட்: கட்டுவதா, பெட்டியோடு வைப்பதா?

சித்தூர்க்காரன் (சித்தூர், பாலக்காடு):
வணக்கம். ரெவெல் நிறுவனத்தின் பீட்னிக் பாண்டிட் (Beatnik Bandit) பிளாஸ்டிக் மாடல் கார் கிட் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது, சித்தப்பா மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பியது. அமெரிக்கக் கார் வடிவமைப்பாளர் எட் ராத் செய்த, ஒளி ஊடுருவும் குமிழ்போன்ற மூடியுள்ள காரின் மாதிரி, 1/25 அளவு. பெட்டியை யாரோ முன்பே திறந்திருக்கிறார்கள், ஆனால் பாகங்கள் ஸ்ப்ரூவை (அவற்றைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டத்தை) விட்டுப் பிரியவில்லை. ஒரு டயர் பல வருடம் குமிழ்மேல் சாய்ந்து கிடந்திருக்கும் போல, பட்ட இடத்தில் பிளாஸ்டிக் உருகி வளையமாகத் தழும்பு. டீக்கால் தாளும் (காரில் ஒட்டும் படங்கள் உள்ள தாள்) மஞ்சளாகிவிட்டது. இது 1963இல் வந்த முதல் வெளியீடா, பின்னால் வந்த மறுவெளியீடா? கட்டலாமா?

மணி (கஞ்சிக்கோடு):
பெட்டியில் அச்சான வருடத்தை மட்டும் நம்பாதீர்கள். மறுவெளியீட்டிலும் பழைய படத்தையும் பழைய வருடத்தையும் போடுவார்கள். பெட்டியின் எல்லாப் பக்கத்தையும் பாருங்கள். பார்கோடு இருந்தால் 1963 கிடையாது. அமெரிக்கக் கடைகளில் பார்கோடு வந்ததே 1974க்கு அப்புறம்தான்.

டீச்சரம்மா (கொழிஞ்சாம்பாறை):
தம்பி, எந்த வருடத்துப் பெட்டியாக இருந்தாலும் கட்டுங்கள். அந்தக் காரில் ஸ்டியரிங் சக்கரமே கிடையாது. திருப்புவது, வேகம் கூட்டுவது, பிரேக் எல்லாம் நடுவில் நிற்கும் ஒற்றைக் குச்சியில். ராத் பழைய ஓல்ட்ஸ்மொபில் சட்டத்தைக் குட்டையாக்கி, ஃபைபர்கிளாஸில் தன் கையால் உடல் வார்த்து, 1961இல் முடித்த கார். இதையெல்லாம் ஸ்ப்ரூவில் வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்? குமிழைத் தூக்கி அந்தக் குச்சியைப் பார்க்கும்போதுதான் அந்த மனிதரின் துணிச்சல் புரிகிறது. தாடியும் தொப்பியும் போங்கோ மேளமுமாக இருந்த பீட்னிக் இளைஞர்களைப் பலர் கேலிப்படமாக வரைந்த காலத்தில், அந்தப் பெயரைத் தன் காருக்கே வைத்தார் பாருங்கள், அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

தழும்புக்கு வருவோம். டயரில் உள்ள மென்மையாக்கி கசிந்து கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரினைத் தின்கிறது. மேலோட்டமான தழும்பு என்றால் 1000, அப்புறம் 2000 உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, கடைசியில் கார் பாலிஷ் போடுங்கள். நகத்தில் பள்ளம் தட்டுப்பட்டால் முழுதும் போகாது, விட்டுவிடுங்கள். இனிமேல் டயர்களைத் தனிப் பையில் வையுங்கள். குமிழ்ப் பக்கம் மாடல் சிமெண்ட் (பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் பசை) வேண்டவே வேண்டாம், அதன் ஆவியிலேயே தெளிவு போய்விடும். ஒட்ட வேண்டிய இடத்தில் ஃபெவிகால் போதும்.

டீக்கால் தாளைக் கவரில் போட்டு வெயில் படும் ஜன்னலில் உள்பக்கமாக ஒட்டி வையுங்கள். மஞ்சள் மெல்ல வெளுக்கும். நம் ஊர் மீன மாத வெயில் இந்த ஒன்றுக்கு நல்லது! ஆனால் கிட்டை வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிடாதீர்கள், உடல் கோணிக்கொள்ளும்.

பெயிண்டை இடவப்பாதி மழையில் அடிக்காதீர்கள். ஈரத்தில் பளபளப்பு போய்ப் பால்போல் வெளுத்துவிடும். திருவாதிரைக் காற்று வீசும் நாட்களிலும் வேண்டாம், பாலக்காட்டுக் கணவாய்ப் புழுதி முழுக்க வந்து ஒட்டும்.

சித்தூர்க்காரன்:
நன்றி டீச்சர். பார்கோடு இருக்கிறது மணி அண்ணா, மறுவெளியீடுதான். அப்படியானால் கட்டிவிடுகிறேன். குரோம் பாகங்கள் பசையில் நிற்கவில்லையே, என்ன செய்வது?

மணி:
ஒட்டும் முகத்தில் மட்டும் பிளேடால் குரோமைச் சுரண்டிவிடுங்கள், அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கில்தான் சிமெண்ட் பிடிக்கும். நிறத்துக்கு, அசல் கார் நெவாடாவின் ரீனோ நகரில் தேசிய வாகன அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அங்கே எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். 1968இல் ஹாட் வீல்ஸ் முதலில் விட்ட 16 பொம்மைக் கார்களில் இதுவும் உண்டு. ஆனால் அதை ஒரே நிறத்தில் விடவில்லை, நிறம் பார்க்க உதவாது.

டீச்சரம்மா:
தம்பி, குமிழை ஒட்டி மூடிவிடாதீர்கள், தூக்கிப் பார்க்க வேண்டும். அப்புறம், ஹாக் நிறுவனத்தின் வியர்ட் ஓஸ் என்ற கேலிச்சித்திர மாடல் பொம்மைகளும் அதே 1963தான். மறுவெளியீட்டில் அவற்றில் ஒன்றான ‘டேவி’ கிடைத்தால் பக்கத்தில் வையுங்கள், சரியான ஜோடி.