சென்ட்ஓஎஸ் 7, ஜிசிசி 4.8.5: வெளியில் கட்டிய சி++ லைப்ரரி லிங்க் ஆகவில்லை

தறி (கேள்வி)

வணக்கம். சர்வர் சென்ட்ஓஎஸ் 7. கம்பைலர் ஜிசிசி 4.8.5, ஜிலிப்சி (சிஸ்டத்தின் அடிப்படை சி லைப்ரரி) 2.17. ஓஎஸ்ஸை இப்போதைக்கு மாற்ற வழியில்லை. இதில் ஓடும் நிரலோடு ஒரு படச்செயலாக்க லைப்ரரியைச் சேர்க்க வேண்டும். எஸ்ஓ கோப்பும் (கட்டி முடித்த லைப்ரரி) ஹெடரும் (அதன் ஃபங்ஷன் அறிவிப்புகள்) மட்டும்தான் கையில் இருக்கின்றன, சோர்ஸ் கிடையாது. கொடுத்தவர்கள் உபுண்டு 18.04-இல் ஜிசிசி 7.5 வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

கம்பைல் ஆகிறது, லிங்க்கில் நிற்கிறது. ஸ்ட்ரிங் வாங்கும் ஃபங்ஷன் ஒவ்வொன்றுக்கும் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்'. எண்களை மட்டும் வாங்கும் ஃபங்ஷன்களுக்கு அது இல்லை. ஆனால் கோப்பிலுள்ள பெயர்களைப் பட்டியலிடும் என்எம் கட்டளையைப் போட்டால் எல்லா ஃபங்ஷன்களும் கோப்புக்குள் இருக்கின்றன! கூடவே 'ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் 3.4.21' என்று கேட்டும் சில வரிகள். உபுண்டுவின் லிப்எஸ்டிடிசி++ (சி++-இன் அடிப்படை லைப்ரரி) கோப்பை எடுத்து சர்வரின் லிப்64-இல் போட்டால் தீருமா?

நூலகன்

போடாதீர்கள். அந்தக் கோப்பே ஜிலிப்சி 2.18-ஐக் கேட்கும், உங்களிடம் இருப்பது 2.17. கணினி முழுவதும் பயன்படுத்தும் கோப்பு அது. மாற்றிவிட்டால் சிமேக் போல சி++-இல் எழுதிய எதுவுமே திறக்காது.

உங்களுக்கு இருப்பது ஒன்றல்ல, இரண்டு சிக்கல்கள்.

முதலாவது ஸ்ட்ரிங். என்எம் கட்டளையை, பெயர்களைப் படிக்கும்படி காட்டும் டிமேங்கிள் ஆப்ஷனோடு போட்டு, ஸ்ட்ரிங் வரும் பெயர்களை உற்றுப் பாருங்கள். நடுவில் 'சிஎக்ஸ்எக்ஸ்11' என்று ஒட்டியிருக்கும். 2015-இல் வந்த ஜிசிசி 5-இல் ஸ்ட்ரிங்கையும் லிஸ்ட்டையும் புதிதாக எழுதினார்கள். ஒரே நினைவகத்தைப் பல ஸ்ட்ரிங்குகள் பகிர்ந்துகொண்டு, எழுதும்போது மட்டும் நகலெடுக்கும் பழைய முறையை சி++11 ஏற்கவில்லை என்பதுதான் காரணம். 64 பிட்டில் பழைய ஸ்ட்ரிங் 8 பைட், புதியது 32 பைட். இரண்டும் கலந்துவிடாமல் இருக்கத்தான் பெயரையே மாற்றினார்கள். உங்கள் 4.8.5 பழைய பெயரைத் தேடுகிறது, கோப்பில் இருப்பது புதிய பெயர்.

இரண்டாவது லிப்எஸ்டிடிசி++-இன் பதிப்பு. 4.8.5-ஓடு வருவது 6.0.19, அதில் ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் 3.4.19 வரைதான் உண்டு. ஜிசிசி 4.9 தந்தது 3.4.20, 5.1 தந்தது 3.4.21, ஜிசிசி 7.2 வரும்போது 3.4.24 வரை போய்விட்டது.

எண் வாங்கும் ஃபங்ஷன்கள் லிங்க் ஆகிவிட்டன என்று அவற்றை நம்பிவிடாதீர்கள். ஸ்ட்ரிங்கை நேரடியாக வாங்கினால்தான் பெயரில் அடையாளம் விழும். ஸ்ட்ரக்ட்டுக்குள் ஸ்ட்ரிங் இருந்து, அந்த ஸ்ட்ரக்ட்டை ரெஃபரன்ஸாக அனுப்பினால் பெயர் இரு பக்கமும் ஒன்றுதான். சத்தமில்லாமல் லிங்க் ஆகி, ஓடும்போது தவறான இடத்தைப் படித்து விழும். இந்த வகைப் பிழையில்தான் நாட்கணக்கில் நேரம் போகும். ஹெடரில் உள்ள ஸ்ட்ரக்ட்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

தறி

மிக்க நன்றி. பெயர்களில் சிஎக்ஸ்எக்ஸ்11 இருக்கிறது. செட்டிங்ஸ் ஸ்ட்ரக்ட்டில் மூன்று ஸ்ட்ரிங்குகளும் இருக்கின்றன. அப்படியென்றால் டெவ்டூல்செட் (சென்ட்ஓஎஸ்ஸுக்கான புதிய ஜிசிசி தொகுப்பு) நிறுவி ஜிசிசி 7 கொண்டு என் நிரலைக் கட்டினால் போதுமா?

பழம்பெட்டி

போதாதுங்க, இங்கதான் நிறையப் பேர் மாட்டிக்கிறாங்க. சென்ட்ஓஎஸ் 7-க்கான டெவ்டூல்செட் எந்தப் பதிப்பா இருந்தாலும் பழைய ஸ்ட்ரிங்கைத்தான் பயன்படுத்தும். புது ஸ்ட்ரிங்கைத் தேர்ந்தெடுக்கிற யூஸ்-சிஎக்ஸ்எக்ஸ்11-ஏபிஐ மேக்ரோவை 1-னு வெச்சாலும் கண்டுக்காது, எச்சரிக்கையும் வராது. சிஸ்டத்தோட 6.0.19-லயே நிரல் ஓடணும்னு அப்படி அமைச்சிருக்காங்க. புதுசா தேவைப்படுற ஃபங்ஷன்களை மட்டும் உங்க கோப்புக்குள்ளயே ஸ்டாட்டிக்கா ஒட்டிடும். நல்ல ஏற்பாடுதான், ஆனா இந்தச் சிக்கலுக்கு உதவாது.

புது ஸ்ட்ரிங்கே வேணும்னா ஜிசிசி 7-ஐ சோர்ஸ்ல இருந்து /ஆப்ட் கீழ தனியா கட்டணும். சோர்ஸோட வர்ற 'டவுன்லோட் ப்ரீரெக்விசிட்ஸ்' ஸ்கிரிப்டை ஓட்டினா ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி மூணும் வந்துடும். கான்ஃபிகர்ல மல்டிலிப்பை (32 பிட்டுக்கும் சேர்த்துக் கட்டுறது) அணைச்சு, மொழி சி, சி++ மட்டும் கொடுங்க. கட்டின நிரலுக்கு ஆர்பாத் (ஓடும்போது லைப்ரரியைத் தேடுற பாதை) வெச்சு அந்த /ஆப்ட் லைப்ரரியைக் காட்டணும். பூஸ்ட் மாதிரி நீங்க சேர்க்கிற சி++ லைப்ரரி எல்லாத்தையும் அதே கம்பைலர்ல திரும்பக் கட்டணும், ஒண்ணு விட்டாலும் அதே பிழை திரும்ப வரும்.

இந்த வேலைல இறங்குறதுக்கு முன்னாடி ஆப்ஜ்டம்ப் கட்டளையைப் பெரிய டி (-T) ஆப்ஷனோட எஸ்ஓ கோப்பு மேல ஓட்டி, ஜிலிப்சின்னு வர்ற வரிகளை மட்டும் (ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் வேற) வடிகட்டிப் பாருங்க. 2.17-க்கு மேல ஒரு எண் இருந்தாலும் இத்தனை பாடும் வீண். லிப்எஸ்டிடிசி++-ஐப் பக்கத்துல இன்னொண்ணு வெச்சுக்கலாம், ஜிலிப்சியை அப்படி வெக்க முடியாது. லோடரும் (நிரலோட லைப்ரரிகளை ஏத்துறது) ஜிலிப்சியும் ஒரே பதிப்பா இருக்கணும்.

தறி

பார்த்தேன். இரண்டே வரிகள்தான் 2.27 கேட்கின்றன: பவ்எஃப், எக்ஸ்ப்எஃப்.

நூலகன்

2.27-இல் அந்த ஒற்றைத் துல்லியக் கணித ஃபங்ஷன்களுக்குப் புதிய பதிப்பு தந்தார்கள். பழையவை 2.17-இலும் உண்டு, ஆனால் உபுண்டு 18.04-இல் லிங்க் செய்யும்போது புதியதைத்தான் ஒட்டும். ஆகவே இந்தக் கோப்பு உங்கள் சர்வரில் லோட் ஆகாது. ஜிசிசியைச் சொந்தமாகக் கட்டுவதில் பயனில்லை.

கொடுத்தவர்களிடம் மறுபடி கட்டித் தரச் சொல்லுங்கள். 'சென்ட்ஓஎஸ் 7-க்கு வேண்டும்' என்று மட்டும் சொன்னால் மேக்ரோவை மாற்றி உபுண்டுவிலேயே கட்டி அனுப்பிவிடுவார்கள், 2.27 அப்படியே நிற்கும். மெனிலினக்ஸ்2014 என்ற கன்டெய்னருக்குள் (தனியாக அடைத்த லினக்ஸ் சூழல்) கட்டச் சொல்லுங்கள். அது சென்ட்ஓஎஸ் 7 அடிப்படையில் ஆனது, ஜிலிப்சி 2.17, உள்ளே டெவ்டூல்செட் 10. பழைய ஸ்ட்ரிங், பழைய ஜிலிப்சி இரண்டும் ஒன்றாகக் கிடைத்துவிடும். அவர்கள் ஹெடரில் சி++11-க்கு மேற்பட்டது எதுவும் இருக்கக்கூடாது என்றும் எழுதுங்கள்.

உங்கள் பக்கத்தையும் டெவ்டூல்செட் 10-இலேயே கட்டுங்கள். 4.8-இல் சி++11 ஆதரவு சோதனை நிலையில்தான் இருந்தது. ரெஜெக்ஸ் (உரையில் வடிவம் தேடும் வசதி) ஹெடர் கம்பைல் ஆகும், ஓடும்போது எக்ஸப்ஷன் எறியும். 4.9-இல்தான் அது முழுமையாக வந்தது.

பழம்பெட்டி

டெவ்டூல்செட் நிறுவும்போது ஒரு விஷயம். சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஓட முடிஞ்சது, தொகுப்புகளைத் தர்ற சர்வர்களோட மிரர்லிஸ்ட் பதில் தராது. ரெப்போ கோப்புகள்ல மிரர்லிஸ்ட் வரியைக் கமென்ட் பண்ணிட்டு, பேஸ்யுஆர்எல்லைப் பழைய பதிப்புகளை வெச்சிருக்கிற வால்ட் தளத்துக்கு மாத்துங்க. டெவ்டூல்செட் வர்ற எஸ்சிஎல் ரெப்போ தொகுப்பை நிறுவினதும் அது புதுசா ரெண்டு ரெப்போ கோப்பு வைக்கும், அதுங்களையும் மாத்தணும். அதை விட்டுட்டுத்தான் பலர் யம் வேலை செய்யலைன்னு நிக்கிறாங்க.

அவங்க மறுபடி கட்டித் தர நாளாகும்னா, அதுவரைக்கும் உபுண்டு 18.04 கன்டெய்னர்ல நிரலையும் லைப்ரரியையும் சேர்த்துக் கட்டி ஓட்டலாம். 3.10 கெர்னல் மேல அது ஓடும். உபுண்டு 22.04 இமேஜ் எடுக்காதீங்க. அதுல இருக்கிற ஜிலிப்சி த்ரெட் உருவாக்க க்ளோன்3-ங்கிற சிஸ்டம் காலைக் கூப்பிடும், கன்டெய்னரை ஓட்டுற டாக்கர் 20.10.10-க்கு முந்தின பதிப்பு அதைத் தடுத்துடும். த்ரெட் உருவாக்க முடியலைன்னு பிழை வரும், நீங்க நினைவகம் போதலைன்னு வேற எங்கயோ தேடிட்டு இருப்பீங்க.

தறி

கன்டெய்னரில் லிங்க் ஆகி ஓடுகிறது. மெனிலினக்ஸ்2014, ஹெடரில் சி++11 வரை மட்டும், இவை இரண்டையும் எழுதி லைப்ரரிக்காரர்களுக்கு அனுப்பிவிட்டேன். புதுக் கோப்பு வந்ததும் ஆப்ஜ்டம்ப் முடிவை இங்கே போடுகிறேன்.