டீம் பொடியன்மார் மகனை வதைக்கிறாங்க, என்ன செய்யலாம்?

கேள்வி (மட்டக்களப்பு): மகனுக்கு 15 வயது, பாடசாலை கால்பந்து டீம். பூட்ஸை ஒளிக்கிறாங்க, வாட்ஸ்அப்பில நக்கல், இப்ப அடியும். அந்தப் பிள்ளைகளின்ட தாய் தகப்பனோட கதைக்கவா?

பதில் 1: வேணாம். சண்டையில முடியும், அடுத்த நாள் மைதானத்தில மகனுக்குத்தான் விழும். முதல்ல அவன் சொல்றதைக் குறுக்கிடாம கேளுங்க. பிறகு திகதி, இடம், பார்த்த ஆக்கள் எல்லாம் கொப்பியில எழுதுங்க. குரூப்பை விட்டு வெளியேற முன்னமே ஸ்கிரீன்ஷாட் எடுங்க. நம்பரும் நேரமும் தெரியணும்.

பதில் 2: காயமெண்டா அண்டைக்கே ஆஸ்பத்திரி, கண்டல் மாறினா காட்ட ஒண்டுமில்ல. அதிபருக்குக் கடிதம் ரெண்டு பிரதி. ஒண்டில கையெழுத்து வாங்குங்க. வாயால சொன்னது காத்தோட போயிடும். உடுப்பு மாத்துற இடத்தில ஒரு சேர் நிக்கணும் எண்டும் எழுதுங்க.

பதில் 3: அதிபர் அசையாட்டி வலயக் கல்வி அலுவலகம். அடி, மிரட்டலுக்கு அதுவரை காத்திருக்காதீங்க: சிறுவர் உதவி நம்பர் 1929, 24 மணித்தியாலமும் எடுக்கலாம். டீமை விடுறதை மகனே முடிவெடுக்கட்டும்.