கம்ப்யூட்டர் சென்டர் கட்டுறதுக்கு முன்னால ஒரு வார்த்தை

அண்ணாச்சிமாரு, தம்பிமாரு, மயினிமாரு எல்லாருக்கும் வணக்கம். கோயில் கொடைத் திருவிழாவுக்குள்ள நம்ம ஊர்ச் சங்கப் பணத்துல கம்ப்யூட்டர் சென்டர் கட்டிரணும்னு வந்த மடலை எல்லாம் வாசிச்சேன். நான் சொல்றதையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

நான் ஐடிஐ-ல வெல்டர் படிச்சவன், ஒரு வருச கோர்ஸு. பூராவும் தகட்டுல ஆர்க் வெல்டிங்தான் சொல்லிக் குடுத்தாங்க, பைப் வெல்டிங்குக்கு ஆர்கான் கேஸ் செட்டு ஒண்ணு இருந்துச்சு ஆனா கேஸ் சிலிண்டர் வாங்கல, கடைசி வரைக்கும் சாக்கு போட்டு மூடியே கெடந்துச்சு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற டிரேடு டெஸ்டுக்கு பம்பாய் போனா பைப்பை 45 டிகிரி சாய்ச்சு வச்சு, அசைக்காம சுத்தி ஒட்டணும், அதுக்குப் பேரு 6ஜி, அதைப் போடுன்னுட்டாங்க. எனக்குக் கை ஓடல. ஹெல்பராத்தான் துபாய்க்கு வந்தேன், ரெண்டு வருசம் அடுத்தவங்க போட்ட வெல்டிங்குக்கு கிரைண்டர் புடிச்சு, டூட்டி முடிஞ்சு ஸ்கிராப் பைப்புல பழகி, அப்புறம்தான் வெல்டர் சம்பளம். அந்த ஒரு சிலிண்டர் இல்லாம எனக்கு ரெண்டு வருசச் சம்பளம் போச்சு, எங்கம்மா அந்த ரெண்டு வருசமும் பீடித் தட்டை மடிய விட்டு எறக்கல.

இப்ப நம்ம திருநெல்வேலிப் பக்கத்தைப் பாருங்க, நாம கெளம்புனப்ப இல்லாத வேலை வந்துருக்கு. கங்கைகொண்டான் சிப்காட்ல டாடா பவர் கம்பெனி வெயில்ல கரண்டு எடுக்கிற சோலார் செல்லும், அதைக் கோத்த பேனலும் செய்யுது, வருசத்துக்கு 4.3 கிகாவாட், லைன்ல நிக்கிறது பெரும்பாலும் பொம்பளப் பிள்ளைங்க. தூத்துக்குடில 2025 ஆகஸ்ட்ல வின்ஃபாஸ்ட் கரண்டு காரு கம்பெனி தொறந்தாச்சு. கயத்தாறு, பணகுடி, ராதாபுரம் பூரா கரண்டு எடுக்கிற காத்தாடி. வைகாசில காத்து வீச ஆரம்பிக்கதுக்குள்ள சர்வீஸ் முடிச்சாகணும், டவர் உச்சிக்கு பெல்ட்டு மாட்டி ஏறி கியர்பாக்ஸ் ஆயில் பாக்கணும், போல்ட்டை எல்லாம் அளவா முடுக்கணும், ஹைட்ராலிக் பாக்கணும். நம்மூர்ல ரெண்டு வருசம் எலக்ட்ரீசியன் படிச்ச பையன் அந்த டவரை ஒரு தடவைகூட உள்ள போய்ப் பாத்ததில்ல, வீட்டு வயரிங்குக்கு அலையுதான்.

தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில இருக்கிற சாஃப்ட்வேர் கம்பெனி சோஹோவைப் பாத்துதான் கம்ப்யூட்டர்ங்கிறீங்க, தெரியும். ஆனா சோஹோ 2011-லயே அங்க ஆபீசைக் கொண்டு வந்துட்டுது, பிளஸ் டூ முடிச்ச பிள்ளைகளுக்கு உதவித்தொகை குடுத்து அவங்களே சொல்லிக் குடுத்து அவங்களே வேலைக்கும் எடுக்காங்க. நம்ம சென்டர்ல கணக்கு எழுதுற டேலி படிச்சிட்டு வாரவளை எடுக்கதுக்கு நம்மூர்ல எத்தனை கடை இருக்கு, சொல்லுங்க?

மிசினு இல்லைன்னு இனிமே சொல்ல முடியாது. அரசாங்கம் டாடா டெக்னாலஜீஸோட சேந்து 71 அரசு ஐடிஐ-ல ரோபோ, கம்ப்யூட்டர்ல ஓடுற சிஎன்சி மிசினு எல்லாம் எறக்கிருக்கு. கம்பெனிக்கும் பிள்ளைக்கும் நடுவுல நின்னு பேசுறதுக்குத்தான் ஆள் கெடையாது. அப்ரண்டிஸ் சட்டப்படி 30 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற எடத்துல நூத்துக்கு ரெண்டரை பேராவது அப்ரண்டிசா, அதாவது வேலை பழகுறவங்களா, எடுத்தே ஆகணும், உதவித்தொகையும் உண்டு. இது நம்மூர்ல எத்தனை வீட்டுக்குத் தெரியும்? போய்க் கேட்டாத்தான தருவான்.

அதனால என் பங்குப் பணத்தை கட்டடத்துக்கு எழுதாதீங்க. ரிட்டயர்டு ஆன ஃபோர்மேன் யாராவது ஒருத்தரைச் சம்பளம் போட்டு வைங்க, அவரு மாசாமாசம் கம்பெனி கம்பெனியாப் போய் என்ன வேலைக்கு ஆள் பத்தலன்னு கேட்டு வரட்டும், பத்தாப்பு முடிச்ச பிள்ளைக எந்த டிரேடு எடுக்கணும்னு தாய்தகப்பன்ட்ட உக்காந்து பேசட்டும். ரெண்டாவது ஒரு வேன். பொம்பளப் பிள்ளைங்க ஷிப்டு முடிஞ்சு வரையில ஊருக்குப் பஸ் கெடையாது, எங்க பெரியப்பா மக கெடச்ச வேலையை விட்டது அதுக்குத்தான், இப்ப திரும்பவும் பீடி சுத்துதா.

நான் கொடைக்கு நாலு நாள் முன்னாடியே வந்துருவேன். கங்கைகொண்டானுக்கும் பணகுடிக்கும் போய் கம்பெனி வாசல்ல நின்னு, ஆள் எடுக்கிற ஹெச்ஆர்ட்ட கேக்கலாம்னு இருக்கேன். கூட வர்றவங்க பதில் போடுங்க, காரு என்னோடது.