பேண்ட் ஸ்பியர்கன்: 3 மீட்டரில் ஒரு சாணுக்குக் கிட்ட மேலே போகிறது, எங்கிருந்து பார்ப்பது?

நீர்க்கோடு:
பழைய பேண்ட் கன் (ரப்பர் பேண்டால் ஈட்டியை விடுகிற, தண்ணீருக்கடியில் மீன் பிடிக்கிற துப்பாக்கி) ஒன்று கைக்கு வந்திருக்கு. வைத்துக்கொள்ளலாமா, பாகம் மாற்றணுமா, ஒதுக்கிடலாமா என்று முடிவு பண்ணணும். 100 செ.மீ. அலுமினியக் குழல், மேலே ஈட்டி ஓடுகிற ரெயில், மூடிய மசில் (குழலின் முன்முனை). 16 மி.மீ. பேண்ட் இரண்டு, விஷ்போன் (பேண்டின் இரு நுனியையும் இணைத்து ஈட்டியில் மாட்டுகிற கயிறு) டைனீமா இழையில். ஈட்டி 6.5 மி.மீ., நீளம் 140 செ.மீ., மடக்கு முள் ஒன்று.

3 மீட்டரில் குறிக்கு மேலே 15 முதல் 20 செ.மீ. போகுது. ட்ரிகர் ரொம்ப இறுக்கம். ஈட்டி இல்லாமல் தண்ணீரில் விட்டாலும் மூக்கு கீழே போகுது. தடித்த ஈட்டி வாங்கினால் எல்லாம் சரியாகும் என்று ஒருத்தர் சொல்றார். சரியா?

ஆழ்கோல்:
ஈட்டி வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். முதலில் நான்கு விஷயம் அளந்து சொல்லுங்கள்.

ஒன்று, விஷ்போனைச் சேர்க்காமல், ஒரு பேண்டின் ரப்பர் மட்டும் நுனி முதல் நுனி வரை எத்தனை செ.மீ.? இழுக்காமல் தளர்வாக வைத்து அளக்கவும். இரண்டு, ஈட்டியை முழுதாக உள்ளே தள்ளிப் பூட்டிய நிலையில், மசிலில் பேண்ட் போகும் துளையிலிருந்து அந்த பேண்ட் மாட்டும் நாட்ச் (ஈட்டியில் உள்ள வெட்டு) வரை எவ்வளவு? மூன்று, வெறும் குழலைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள், தண்ணீர் தளும்பும் சத்தம் வருகிறதா? நான்கு, ஈட்டியைக் கழற்றிக் கண்ணாடிப் பலகையில் உருட்டுங்கள். அடியில் வெளிச்சம் எங்கே தெரிகிறது?

பிறகு தண்ணீரில் இரண்டு சோதனை. ஒரே பேண்ட் மட்டும் மாட்டி 5 முறை. இரண்டு பேண்டும் மாட்டி, கையை நேராகப் பூட்டி, இன்னொரு கையால் கைப்பிடியைத் தாங்கி 5 முறை. எடை கட்டித் தொங்கவிட்ட தடித்த ஃபோம் பலகை போதும். பலகை ஈட்டிக் கயிற்றின் நீளத்தைவிட ஒரு மீட்டராவது உள்ளே இருக்கட்டும். கயிறு தீர்ந்து சுண்டினால் அந்த அடி கணக்கில் சேராது.

கரையிலோ படகிலோ பேண்ட் ஏற்றவே (இழுத்து நாட்சில் மாட்டவே) கூடாது. காற்றில் விட்டால் ஈட்டியை மெதுவாக்கத் தண்ணீர் இல்லை, கயிற்றின் முடிவில் சுண்டி விட்டவர் பக்கமே திரும்பி வரும். தண்ணீரில் ஏற்றி, வெளியே வரும் முன் தண்ணீரிலேயே இறக்கிவிட வேண்டும். பலகைக்குப் பின்னாலும் பக்கத்திலும் ஆள் இருக்கக் கூடாது. சேஃப்டி பட்டனை நம்பிக் குழலை யார் பக்கமும் திருப்பாதீர்கள். பல மாடல்களில் அது ட்ரிகரை மட்டும்தான் தடுக்கும், உள்ளே ஈட்டி வாலைப் பிடித்திருக்கும் கொக்கியை அல்ல.

நீர்க்கோடு:
ரப்பர் 44 செ.மீ. இரண்டும் ஒரே அளவு. துளை முதல் நாட்ச் வரை இரண்டுக்கும் ஏறக்குறைய 94. குலுக்கினால் தண்ணீர் சத்தம் நல்லாவே கேட்குது. ஈட்டி கிட்டத்தட்ட நேர், நடுவில் மடித்த காகிதம் ஒன்று நுழையற அளவு இடைவெளி.
ஒற்றை பேண்ட்: சுமார் 5 செ.மீ. மேலே. இரண்டு பேண்ட், ஒரு கை: 17. இரண்டு பேண்ட், இரண்டு கை: 10.

ஆழ்கோல்:
விடையின் பெரும்பகுதி இந்த எண்களிலேயே இருக்கிறது. பேண்ட் போய்த் திரும்பும் தூரம் 94 × 2 = 188. அதை 44ஆல் வகுத்தால் 4.27. உங்கள் ரப்பர் தன் நீளத்தைப் போல நாலேகால் மடங்கு இழுபடுகிறது. 3.5 மடங்கில் ரப்பர் நன்றாக வேலை செய்யும். 4ஐ எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் விசை செங்குத்தாக ஏறும், ரப்பரும் சீக்கிரம் செத்துப்போகும். முன்பு வைத்திருந்தவர் வேகம் வேண்டும் என்று குட்டையாக வெட்டியிருக்கிறார்.

இங்கே ஒரு குழப்பம் வழக்கமாக வரும். சிலர் 350 சதவீதம் என்று மொத்த நீளத்தைச் சொல்வார்கள், சிலர் கூடுதலாக நீண்டதை மட்டும் சொல்வார்கள். மூன்றரை மடங்கு என்றால் கூடுதல் நீட்சி 250 சதவீதம்தான். சதவீதத்தைக் கேட்டு வெட்டாதீர்கள், மடங்கைக் கேட்டு வெட்டுங்கள்.

உங்களுக்கு வேண்டிய நீளம் 188 ÷ 3.5 = 53.7, அதாவது 54 செ.மீ. முதலில் 55 வெட்டிப் பாருங்கள். நீளமாக வெட்டியதைக் குறைக்கலாம், குட்டையாக வெட்டியதை ஒன்றும் செய்ய முடியாது.

ட்ரிகர் இறுக்கத்துக்கும் இதுவே முதல் சந்தேகம். பேண்டுகளின் முழு இழுப்பும் கொக்கியும் ஈட்டி வாலும் தொடும் அந்தச் சின்ன முகத்தில் உட்கார்ந்திருக்கிறது. அரம் போட்டுத் தேய்த்து லேசாக்க நினைக்கவே வேண்டாம். ஒரு நாள் தொடாமலேயே விட்டுவிடும்.

கடல்மட்டம்:
நான் இதற்கு ஒத்துக்க மாட்டேன். பேண்ட் இருக்கிறபடி இருக்கட்டும், 7.5 மி.மீ. ஈட்டி போடுங்க. கனமான ஈட்டி அந்த சக்தியை முழுசா வாங்கிக்கும், ஆடாது. சக்தியைக் குறைச்சு என்ன லாபம்?

ஆழ்கோல்:
தடித்த ஈட்டி குறைவாக வளையும், அது உண்மை. ஆனால் 17 எப்படி 10 ஆனது என்று பாருங்கள். கையைப் பலமாகப் பிடித்ததும் 7 செ.மீ. இறங்கியது. அந்த 7 உதைப்பு. பேண்ட் இழுக்கும் கோடு கைப்பிடிக்கு மேலே இருக்கிறது, அதனால் விடும்போது குழல் பின்னால் தள்ளுவதோடு மூக்கையும் மேலே தூக்குகிறது. அதே பேண்டில் கனமான ஈட்டி போட்டால் உதைப்பு குறையாது, மொத்த உந்தம் கொஞ்சம் கூடவே செய்யும். இந்தக் குழலுக்கு அவ்வளவு சக்தியைத் தாங்கும் எடை இல்லை.

மிச்சம் 10 செ.மீ.யில் பெரும்பகுதி ஈட்டியின் வளைவாக இருக்கலாம். நாட்ச் ஈட்டியின் மேல்முகத்தில் இருப்பதால் இழுப்பு நடுக்கோட்டில் விழுவதில்லை. பின்னாலிருந்து தள்ளும்போது மெல்லிய ஈட்டி வில்லாக வளைந்து, ரெயிலை விட்டு எழும்பி, துடித்துக்கொண்டே வெளியே போகும். இங்கே 7 மி.மீ. உதவும். விறைப்பு விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது, எனவே 6.5இலிருந்து 7க்குப் போனாலே மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. எடையோ 140 செ.மீ.க்கு 360 கிராமிலிருந்து 420 கிராம் ஆகும், அவ்வளவுதான். 7.5 போட்டால் 480ஐத் தாண்டும். முன்புறம் பாரமாகிக் குழலைத் திருப்பவே மெதுவாகிவிடும்.

ரப்பர்முடிச்சு:
எல்லாவற்றுக்கும் முன்னாடி குழலை உலர்த்துங்க. உள்விட்டம் 25 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் முழுசா நிரம்பின குழல் 450 கிராமுக்கு மேல மிதப்பை இழக்கும். மூக்கு கீழே போகுது, நீங்க அறியாமலே மணிக்கட்டால் தூக்கிப் பிடிக்கிறீங்க. அந்த நிலையில் எடுத்த குறி அளவை முழுசா நம்ப முடியாது.

ஈட்டியையும் பேண்டையும் கழற்றிட்டு, உள்ளே இருக்கிற தண்ணீரை வடிச்சு நல்லா உலர்த்துங்க. அப்புறம் குழலை வெதுவெதுப்பான தண்ணீரில் முழுக்குங்க. உள்ளே இருக்கிற காற்று விரியும், ஓட்டை இருக்கிற இடத்தில் குமிழி வரும். அநேகமாக மசில் அடைப்பானிலோ கைப்பிடி சேருமிடத்திலோதான். ஓ-ரிங் இருந்தால் மாற்றி சிலிக்கான் கிரீஸ் தடவுங்க. ஒட்டின அடைப்பான் என்றால் பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டி எபாக்சி போட்டு, அது முழுசா இறுகின பிறகு மறுபடி முழுக்கிப் பாருங்க.

பேண்ட் கட்டறப்போ இரண்டு நுனியிலும் ஒரே ஆழத்தில் குண்டு (விஷ்போன் கயிற்று நுனியில் இருக்கிற மணி) போகணும், ரப்பரை வெளியிலிருந்து இறுக்குகிற கன்ஸ்ட்ரிக்டர் முடிச்சு குண்டுக்கும் ரப்பர் நுனிக்கும் நடுவில் உட்காரணும். மூடிய மசிலில் பேண்ட் ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் அடி பக்கவாட்டில் போகும், ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் நடுவில் இருக்கான்னு பாருங்க. விஷ்போன் கயிற்றில் நாட்ச் படுகிற இடத்தில் பஞ்சு கிளம்பியிருந்தால் அன்றைக்கே மாற்றணும். அறுந்தால் ரப்பர் முகத்துக்கு வரும்.

ஆழ்கோல்:
ரப்பர்முடிச்சு சொன்ன வரிசைதான் சரி. குழல், பேண்ட், கடைசியாக ஈட்டி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் 5 முறை விட்டுப் பாருங்கள். இரண்டை ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்றே தெரியாது. மடக்கு முள்ளின் ஆணியையும் பாருங்கள். தொளதொளவென்று இருந்தால் போகும் வழியிலேயே திறந்து ஈட்டியைத் திருப்பும்.

நீர்க்கோடு:
செய்து பார்த்தாச்சு. கசிவு மசில் அடைப்பானில். எபாக்சிக்குப் பிறகு ஈட்டி இல்லாமல் குழல் மிதக்குது, ஈட்டியோடு மெதுவாக அமிழுது. 16 மி.மீ. பேண்ட் இரண்டும் 54 செ.மீ., பழைய ஈட்டி, ஒரு கை: 8 செ.மீ. மேலே. 7 மி.மீ. ஈட்டி போட்டதும் ஐந்து முறையில் நான்கு முறை குறியில், உள்ளங்கை அளவுக்குள் பட்டுது, ஒரு முறை 4 செ.மீ. மேலே. ட்ரிகர் பாதியாக லேசாயிடுச்சு. இன்னும் கொஞ்சம் சொரசொரப்பு இருக்கு.

கடல்மட்டம்:
ஈட்டி மாற்றினதும் இறங்கியது சரிதான், ஆனா 17இலிருந்து 8 வரைக்கும் குழலும் பேண்டுமே கொண்டுவந்திருக்கு. என் கணக்கு தப்பு. வேகம் ரொம்பக் குறைஞ்சதா?

நீர்க்கோடு:
3 மீட்டரில் பலகையைத் துளைக்கிற ஆழத்தில் பெரிய வித்தியாசம் தெரியல. ஏற்றுவதும் சுலபம்.

ஆழ்கோல்:
அந்த ஒன்று மட்டும் தொடர்ந்து மேலே போனால் 14 மி.மீ. பேண்ட் இரண்டு போட்டுப் பாருங்கள். ரப்பரின் குறுக்குப் பரப்பு முக்கால் பங்கு ஆகும், இழுப்பும் அப்படியே குறையும். நீளம் அதே 54.

சொரசொரப்புக்குக் கைப்பிடியை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, ட்ரிகரை இழுத்து இழுத்து விடுங்கள். பெரும்பாலும் உப்பும் மணலும்தான். பிறகு ஈட்டி வாலின் வெட்டை நகத்தால் தடவுங்கள். ஓரம் மழுங்கியோ பிசிர் விட்டோ இருந்தால் அந்த ஈட்டி வேண்டாம். புது ஈட்டியின் வால் உங்கள் கொக்கிக்கு உரிய வடிவம்தானா என்பதும் முக்கியம். மாடலுக்கு மாடல் வெட்டு மாறும், பூட்டிய மாதிரி க்ளிக் சத்தம் வந்தாலும் பாதிதான் பிடித்திருக்கும். பேண்ட் இல்லாமல் ஈட்டியைப் பூட்டி, முன்பக்கமாகக் கையால் பலமாக இழுங்கள். பிறகு கைப்பிடியின் அடிப்பாகத்தை ரப்பர் பாயில் 10 முறை தட்டுங்கள். ஒரு முறை கழன்றாலும் அந்தக் கைப்பிடியில் பேண்ட் ஏற்றாதீர்கள், உள் பாகத்தை முழுதாக மாற்றுங்கள்.

ரப்பர்முடிச்சு:
பழைய 44 செ.மீ. பேண்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, வெட்டினால் விஷ்போன் முடிச்சு பழகறதுக்கு நாலஞ்சு துண்டு கிடைக்கும். புதுசை ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்க. சன்ஸ்கிரீன் பட்ட கையால் தொடாதீங்க, எண்ணெய் ரப்பரைத் தின்னும்.